ஒவிலாவின் கம்பளிக் கால்சட்டை

நவம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, விறகு அடுக்கிக்கொண்டிருந்த ஒவிலா பூலாங் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் சாலையில் இருந்த பதினான்கு வீட்டாரும் அடக்கத்துக்கு வந்தார்கள். வந்த ஆண்கள் ஒவ்வொருவரும் அவர் மனைவி லியோன்டினின் கையைப் பிடித்து, ஆறுதல் சொல்லி, கடைசியில் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

“இனிமே நமக்கு யாரு நாள் சொல்லப் போறா?”

பாகு காய்ச்சச் சாறு எடுக்க மேப்பிள் மரத்தில் துளை போடும் நாளைத்தான் கேட்டார்கள். கியூபெக்கின் போஸ் பகுதியில் மார்ச் பிறந்தால் வேறு பேச்சு கிடையாது. துளையைச் சீக்கிரம் போட்டுவிட்டால் அது காய்ந்து, மரம் நன்றாகச் சுரக்கும் நேரத்தில் அடைத்துக்கொள்ளும். தாமதமாகப் போட்டாலோ, முதல் சாறு யாருக்கும் பயனில்லாமல் மரத்துக்குள்ளேயே ஏறி இறங்கிவிடும். ஒரு மரத்துக்கு வருடத்தில் ஒரு துளைதான். போட்ட துளையைத் திரும்ப எடுக்க முடியாது.

இருபது வருடமாக அந்தச் சாலை ஒவிலாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஆண்கள் புகைத்துக்கொண்டு நிற்பார்கள். யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: “என்ன ஒவிலா, மூக்கு என்ன சொல்லுது?” ஒவிலா வானத்தை அண்ணாந்து பார்ப்பார், காற்றை இரண்டு முறை உறிஞ்சுவார், “புதன்கிழமை” என்பார். புதன்கிழமை பதினான்கு வீட்டிலும் துளைப்பான் வெளியே வரும்.

வீட்டுக்குத் திரும்பும்போது, வண்டியில் போர்த்தியிருக்கும் எருமைத் தோலுக்கு அடியில், லியோன்டினின் முழங்காலை அவர் மெல்ல ஒரு தட்டுத் தட்டுவார். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. ஏனென்றால், ‘புதன்கிழமை’ என்று சனிக்கிழமை இரவு உணவின்போதே அவரிடம் சொன்னது அவள்தான்.

ஒவிலா கெட்டிக்காரர் இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டு ஆள் வேலையை ஒருவராகச் செய்வார். குதிரையிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. ஆனால் நாள் கணிக்க அவருக்கு வராது. கல்யாணமான முதல் வருடம் பத்து நாள் முந்திவிட்டார், இரண்டாவது வருடம் பயந்துபோய் இரண்டு வாரம் பிந்திவிட்டார். மூன்றாவது வருடம் லியோன்டின் தட்டில் உருளைக்கிழங்கைப் போட்டபடியே சொன்னாள்: “நாளன்னைக்கு ஆரம்பிங்க.” அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஆரம்பித்தார். அந்த வருடம் கொட்டகையில் பாகு வைக்க இடம் போதவில்லை.

அவளுக்கு அந்தக் கணிப்பு வந்தது துணி துவைத்ததில். ஷோதியேர் ஆற்றங்கரையில், கன்னியர் மடத்துக்கும் சாமியார் வீட்டுக்கும் துவைத்துக் கொடுத்த குடும்பம் அவளுடையது. பதினோரு பிள்ளைகளில் பெண்களில் மூத்தவள். எட்டு வயதிலிருந்து கொடியில் துணி போட்டவள். பனிக்காலத்தில் ஈரத்துணி பலகை மாதிரி விறைத்துக்கொள்ளும். மெல்லிய துணி ஏமாற்றும். கொஞ்சம் வெயில் பட்டாலே இளகிவிடும். கனத்த கம்பளித் துணி அப்படியில்லை. மரத்தைப் போலவே அது குளிரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் கனத்த துணியின் கீழ் விளிம்பிலிருந்து கோயிலில் நண்பகல் மணி அடிப்பதற்குள் நீர் சொட்ட வேண்டும், மாலை ஐந்து மணிக்கு மறுபடி விறைக்க வேண்டும். இது தொடர்ந்து நடக்கும் நாட்களில்தான் மரம் கண் விழிக்கிறது. சொட்டிக்கொண்டே இருந்தாலும் ஆகாது, விறைத்துக்கொண்டே இருந்தாலும் ஆகாது. இதை அவள் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

புத்தாண்டு அன்று குடும்பம் முழுவதும் கூடியது. ஒவிலா இல்லாததால் அவர் தம்பி அர்மான், மண்டியிட்ட பிள்ளைகளுக்குக் கை தூக்கி ஆசி கொடுத்தார். கொடுத்து முடித்த கையோடு, சாப்பாட்டு மேசையில் விஷயத்துக்கு வந்தார்.

“அண்ணி, இந்த வசந்தத்துலேருந்து தோப்பை மொத்தமா நானே பாத்துக்கறேன். உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்? மாண்ட்ரியல்ல பொண்ணு கூப்பிடறா. போய் நிம்மதியா இருங்க.”

“அவ மூணாவது மாடியில இருக்கா அர்மான்.”

“லிஃப்ட் இருக்காமே.”

“லிஃப்ட் இருக்கு. மரம் இல்லையே.”

அர்மானின் மனைவி ஜெர்த்ரூட் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை எடுத்தாள். அர்மானுக்குச் சிரிப்பு வரவில்லை.

“விளையாட்டுக்குச் சொல்லலை அண்ணி. குதிரையை ஓட்டுவீங்க, பாகு காய்ச்சுவீங்க. ஒத்துக்கறேன். ஆனா நாள்? அண்ணனுக்கு இருந்த மூக்கு நம்ம யாருக்கும் இல்லை. நானாவது அவன்கூடப் பொறந்தவன்.”

உண்மை லியோன்டினின் நாக்கு நுனிவரை வந்தது. இறந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அவரை இந்த மேசையில் வைத்துத் தோலுரிக்க அவளுக்கு மனம் வரவில்லை. விழுங்கிக்கொண்டாள்.

“ஓடைக்குக் கிழக்கே நானூறு மரம், மேற்கே நானூறு மரம். கிழக்கை இந்த ஒரு வருஷம் என்கிட்ட விடு. என் இஷ்டத்துக்குத்தான் துளை போடுவேன். ஈஸ்டர் வரைக்கும் பாரு. என் கரை ஒழுங்கா சுரக்கலைன்னா, நானே உனக்கு எழுதிக் குடுத்துட்டு மாண்ட்ரியல் ரயில் ஏறிடறேன்.”

“சத்தியமா?”

“ஒவிலா மேல சத்தியம்.”



பிப்ரவரி கடைசி வாரத்தில் திடீரென்று வெதுவெதுப்பு வந்தது. கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தது, சாலையில் சேறு தெரிந்தது. அர்மான் இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேற்குக் கரையில் இறங்கினார். சாலையின் மற்ற ஆண்கள் கொஞ்சம் யோசித்தார்கள். ஒவிலாவின் தம்பியே இறங்கிவிட்டாரே என்று அவர்களும் இறங்கினார்கள். நான்கு திசையிலும் வாளி மாட்டும் சத்தம் கேட்டது.

லியோன்டின் கொடியில் போட்டிருந்த துண்டுகளும் போர்வையுறைகளும் காலையிலிருந்தே சொட்டிக்கொண்டிருந்தன. அவள் துளைப்பானை எண்ணெய் போட்டுத் துடைத்தாள். வாசல்வரை போனாள். அங்கேயே நின்றாள். தனி ஆளாக நானூறு மரம் என்பது நான்கு நாள் வேலை. சாறு ஓட ஆரம்பித்த பிறகு தொடங்கினால் பாதி போய்விடும். தொடங்குவதென்றால் இப்போதே தொடங்க வேண்டும். ஆனால் கொடியில் கிடந்தவை எல்லாம் மெல்லிய துணிகள், ஒரு விதவை வீட்டுத் துணிகள். அவை சொல்வதை எப்படி நம்புவது?

ஒவிலாவின் உடுப்புகளை முறைப்படி கோயில் பெட்டிக்குக் கொடுத்தாயிற்று. ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. இறந்த அன்று காலை அவர் கழற்றிப் போட்ட சாம்பல் நிறக் கம்பளிக் கால்சட்டை சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. துவைக்காதது. புகையிலை, குதிரை வியர்வை, விறகுப் பிசின், எல்லாம் சேர்ந்த அவர் வாசனை அதில் இருந்தது. தினமும் காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன் அவள் கதவைச் சாத்திக்கொண்டு அதில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். ஒரு நிமிடம். பிறகு அன்றைய வேலையைப் பார்க்கப் போவாள்.

அந்த வீட்டில் இருந்த கனத்த துணி அது ஒன்றுதான்.

அன்று அவள் வெந்நீர் வைத்தாள். சோப்பை எடுத்துவைத்தாள். கால்சட்டையை ஆணியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தாள். மறுபடி சூடு பண்ணினாள். “மன்னிச்சுக்கோங்க” என்று சொன்னாள், கால்சட்டையிடமா அவரிடமா என்று அவளுக்கே தெரியவில்லை. தண்ணீருக்குள் அமுக்கினாள். முதலில் வந்த அழுக்குத் தண்ணீரைக் கொட்ட மனமில்லாமல் வாளியோடு கொஞ்ச நேரம் நின்றாள். கண்ணீர் ஒன்றும் பெரிதாக வரவில்லை. மூக்குதான் அடைத்துக்கொண்டது. இனி அதில் எந்த வாசனையும் தெரியப் போவதில்லை என்பதால் அதுவும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

கொடியில் போட்ட கால்சட்டை மாலை ஐந்து மணிக்கும் சொட்டியது. இரவு விளக்கணைக்கும்போதும் சொட்டியது. விறைக்கவே இல்லை.

துளைப்பானை மறுபடி ஆணியில் மாட்டினாள்.

மூன்றாம் நாள் ஜெர்த்ரூட் ஒரு கண்ணாடிக் குடுவையோடு வந்தாள். அதில் வைக்கோல் நிறத்தில், வெளிச்சம் ஊடுருவும் பாகு. வருடத்தின் முதல் பாகு.

“அவரு குடுத்தனுப்பினாரு அக்கா. ‘அண்ணிக்கு ருசி மறந்துடப் போகுது’ன்னு சொல்லச் சொன்னாரு. நான் சொல்ல மாட்டேன்னுதான் சொன்னேன்.”

“இப்போ சொல்லிட்டியே.”

“சொல்லிட்டேன். ஆனா குடுவை நல்ல குடுவை. அதைத் திருப்பிக் குடுத்துடுங்க.”

லியோன்டின் விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் வலித்தது.

ஜெர்த்ரூட் போகிற போக்கில் ஜன்னல் வழியாகக் கொடியைப் பார்த்தாள். கால்சட்டையைப் பார்த்தாள். லியோன்டினின் முகத்தைப் பார்த்தாள். கையுறையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மார்ச் முதல் வாரத்தில் குளிர் திரும்பி வந்து இறுக்கிப் பிடித்தது. இரண்டு வாரம் எந்த மரத்திலிருந்தும் ஒரு சொட்டு இல்லை. வாளிகளுக்குள் பனி நிறைந்தது. கோயில் வாசலில் ஆண்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். லியோன்டின் ஒவ்வொரு நாள் காலையிலும் கால்சட்டையை நனைத்துக் கொடியில் போட்டாள், மாலையில் பலகையாகக் கழற்றி எடுத்து அடுப்பருகே சாய்த்து வைத்தாள். இடுப்பு வளையாத ஒரு ஆள் சுவரில் சாய்ந்து நிற்பதுபோல் அது நின்றது. சில சமயம் அதோடு பேசினாள். “பயந்துக்கிட்டுத்தான் தள்ளிப் போடறேனோ?” என்று ஒருநாள் கேட்டாள். அந்தச் சந்தேகம்தான் அவளைத் தூங்கவிடவில்லை. அவள் எதையும் கணிக்கவில்லை, வெறுமனே காத்திருக்கிறாள் என்றால்?

பதினேழாம் தேதி, நண்பகல் மணிக்குக் கொஞ்சம் முன்பு, கால்சட்டையின் வலதுகால் விளிம்பில் ஒரு துளி திரண்டது. விழுந்தது. ஐந்து மணிக்குக் கதவு மாதிரி விறைத்தது. பதினெட்டாம் தேதியும் அப்படியே.

மூன்றாவது நாளுக்கு அவள் காத்திருக்கவில்லை. தனி ஆளாக இருந்ததால் காத்திருக்க முடியாது. பதினெட்டாம் தேதி மாலையே பனியில் அமிழாமல் இருக்க வலைச்செருப்பு கட்டிக்கொண்டு, குதிரைச் சறுக்குவண்டியில் வாளிகளை ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போனாள். ஐம்பத்தாறு வயது. ஒரு மரத்துக்கு இரண்டு அங்குல ஆழம், கொஞ்சம் மேல்நோக்கிய சாய்வு. தூள் வெள்ளையாக வந்தால் உயிருள்ள மரம். சாறு வடியும் குழாய்மூக்கைத் துளையில் தட்டிப் பொருத்தி, வாளியை மாட்டி, மூடியைப் போட்டு, அடுத்த மரம். நான்காம் நாள் அவள் வலது முழங்கை மடங்க மறுத்தது. இடதுகையால் முடித்தாள். முடிப்பதற்கு முன்பே, முதல்நாள் மாட்டிய வாளிகளில் டிக் டிக் என்று சத்தம் ஆரம்பித்திருந்தது.

இரண்டு கரைக்கும் ஓடையருகே ஒரே கொட்டகை, ஒரே கொப்பரை. ஒருநாள் அர்மான் காய்ச்சுவார், மறுநாள் லியோன்டின். மார்ச் முடியும்வரை இரண்டு பேருக்கும் வேலை இருந்தது. அர்மான் தன் நாளில் பாட்டுப் பாடிக்கொண்டு காய்ச்சினார். அவருக்கு அவளைவிட ஒரு வாரப் பாகு அதிகம் இருந்தது. அதை அவர் வாயால் சொல்லவில்லை, பாகு நிரப்பிய தகர டப்பாக்களை அவள் கண்ணில் படும்படி அடுக்கினார்.

ஏப்ரல் பிறந்து வெயில் கொஞ்சம் காய்ந்தது. மேற்குக் கரையில் சொட்டுவது மெதுவானது. அர்மானின் பாட்டு நின்றது. எட்டாம் தேதிக்கு மேல் குளிர்ந்த இரவுகள் திரும்பி வந்தன. எல்லோரும் காத்திருந்த பெரிய சுரப்பு தொடங்கியது. கிழக்குக் கரையின் வாளிகள் மதியத்துக்குள் வழிந்தன. மேற்குக் கரையில் துளைகள் உலர்ந்து, உதடு ஒட்டியதுபோல் மூடிக்கிடந்தன. அர்மானின் காய்ச்சும் நாளில் கொட்டகைப் புகைபோக்கி வெறுமனே நின்றது. லியோன்டினுக்கோ சேமிப்புத் தொட்டி நிரம்பி, பீப்பாய்கள் நிரம்பி, தண்ணீர்ப் பானைவரை சாறு நின்றது. அந்த வெயிலில் ஒருநாள் வைத்தால் புளித்துவிடும்.

புனித வியாழனன்று காலை, வாளிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தவள் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டு நின்றாள். துளைப்பான் மரத்தில் சுற்றும் சத்தம்.

ஏப்ரலில் அந்தச் சத்தம் கேட்கக் கூடாது. மரப்பாலத்தைத் தாண்டி ஓடினாள். ஒரு கால் பனியில் இடுப்புவரை இறங்கியது, பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

அர்மான் ஒரு பெரிய மரத்தின் முன் நின்றிருந்தார். பிப்ரவரியில் போட்ட துளைக்கு ஒரு சாண் தள்ளி, புதிதாக இன்னொன்று.

“அர்மான்! கையை எடு!”

“நீங்க உங்க கரையைப் பாருங்க அண்ணி.”

“எத்தனை போட்டே?”

அவர் துளைப்பானில் ஒட்டியிருந்த தூளை ஊதினார்.

“எத்தனைன்னு கேக்கறேன்!”

“முப்பது. முப்பத்தஞ்சு இருக்கும்.”

“உங்கப்பா உயிரோட இருந்திருந்தா உன் கையை முறிச்சிருப்பாரு. வருஷத்துக்கு ஒரு காயம். அதுக்குமேல தாங்காதுன்னு நீ நடக்கப் பழகின காலத்துலேருந்து கேட்டிருக்கியே!”

“வேற என்ன பண்ணச் சொல்றீங்க?” அர்மானின் குரல் உடைந்தது. “ஊரே என்னைப் பாத்துத்தான் இறங்குச்சு. ஊரே காஞ்சு கிடக்கு. நேத்து கோயில்ல ஒருத்தன்கூட எனக்கு வணக்கம் சொல்லலை. மூணு நாள்ல ஈஸ்டர். உங்ககிட்ட நான் என்னன்னு சொல்வேன்?”

லியோன்டின் அவரைப் பார்த்தாள். தாடி மழிக்காத முகம், ஒவிலாவின் அதே காது. இன்னும் மூன்று நாள் பேசாமல் இருந்தால் போதும், வாக்குப்படி கரை அவளுடையது. அவர் மரங்கள் நாசமானால் அது அவர் பாடு. அந்த நினைப்பு ஒரு கணம் வந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. பிறகு அவள் அந்தப் புதுத் துளையில் விரலை வைத்தாள். ஈரமாக இருந்தது.

“துளைப்பானைக் குடு.”

“அண்ணி...”

“குடுன்னா குடு. என் பக்கம் வாளி வழிஞ்சு தரையில ஓடுது. தனியா என்னால அள்ள முடியலை. உன் குதிரையைப் பூட்டிக்கிட்டு ஆளைக் கூட்டிக்கிட்டு வா. உன் நாள்லயும் என் சாறையே காய்ச்சு.”

“அப்போ நான் தோத்துட்டேன்னு அர்த்தம்.”

“அதை அப்புறமா உக்காந்து அழுதுக்கலாம். சாறு இப்போ புளிக்குது.”

அவர் துளைப்பானைக் கொடுத்தார். பத்து நிமிடத்தில் சறுக்குவண்டியின் மணி பாலத்தின்மேல் கேட்டது.

ஈஸ்டர் மறுநாள் சாலை முழுவதும் கொட்டகைக்கு வந்தது. பட்டாணி சூப்பும் பன்றித் தொடையும் பாகில் வெந்த முட்டையும் பரிமாறினார்கள். கொதிக்கும் பாகைப் பனியின்மேல் ஊற்றி, குச்சியில் சுருட்டிச் சுருட்டிப் பிள்ளைகள் தின்றார்கள். கிழக்குக் கரை இன்னும் சுரந்துகொண்டிருந்தது. அடுக்கிய தகர டப்பாக்களில் எது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசவில்லை, அர்மான் பேசும்வரை.

அவர் எழுந்து நின்று, நேர்மையாகவே, தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

“ஒத்துக்கறேன். அண்ணி ஜெயிச்சுட்டாங்க. கரை அவங்களோடது, இனிமே அந்தப் பேச்சே கிடையாது. எங்கண்ணன் போறதுக்கு முன்னாடி அவங்களுக்கு நல்லாச் சொல்லிக் குடுத்துட்டுத்தான் போயிருக்கான். என்ன மூக்குய்யா அவனுக்கு!”

ஆண்கள் தலையை ஆட்டினார்கள். லியோன்டின் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சூடாவது தெரிந்தது. வாயைத் திறந்தால் ஒவிலாவைக் காட்டிக்கொடுத்ததாகும். திறக்கவில்லையென்றால்...

“அட மனுஷா, உக்காரு!” ஜெர்த்ரூட்டின் குரல். “மூக்காம் மூக்கு! உங்கண்ணன் மூக்கால தும்மத்தான் தெரியும். இருபது வருஷமா நாள் சொன்னது அக்காதான்.”

“உனக்கு யாரு சொன்னா?”

“சொல்லணுமா? எங்க ஜன்னல்லேருந்து அக்கா வீட்டுக் கொடி தெரியாதா? சும்மா காஞ்ச கால்சட்டையை மறுபடி மறுபடி நனைச்சுப் போடுவாங்க. அப்படி நனைக்கறது நின்னுச்சுன்னா மறு ஞாயித்துக்கிழமை ஒவிலா அத்தான் வானத்தைப் பாப்பாரு. இந்த ரோட்டுல இருக்கற பொம்பளைங்க அத்தனை பேருக்கும் தெரியும். அக்காவே வாயைத் திறக்காதப்போ நாங்க எதுக்குன்னு விட்டுட்டோம். கேட்டுப் பாருங்க.”

பதின்மூன்று வீட்டுப் பெண்கள் சூப்புக் கிண்ணத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்கள். யாரும் மறுக்கவில்லை. ஒருத்தி மட்டும், “எங்க வீட்டுலேருந்து பாதிக் கொடிதான் தெரியும்” என்றாள்.

“அப்போ பிப்ரவரியில ஏன்டி எங்கிட்ட சொல்லலை?” அர்மான் கத்தினார்.

“சொன்னேனே! ‘அக்கா இன்னும் கால்சட்டையைக் கொடியில போடவே இல்லை, கொஞ்சம் பொறு’ன்னு சொன்னேன். ‘துணி துவைக்கற பேச்சை என்கிட்ட கொண்டு வராதே’ன்னு கத்தினியே!”

கொட்டகையில் ஆரம்பித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அர்மான் காதுவரை சிவந்து உட்கார்ந்தார். லியோன்டினுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கொப்பரை ஆவிக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அவரு பொய் சொல்லலை” என்றாள் கடைசியில், எல்லோருக்கும் கேட்கும்படி. “நான் சொன்னா ஏன்னு கேக்காம செஞ்ச ஒரே ஆம்பளை அவருதான். அந்தக் கெட்டிக்காரத்தனம் உங்கள்ல யாருக்கும் இல்லை.”



சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, அர்மான் அடுப்பில் விறகு தள்ளியபடி, அவளைப் பார்க்காமல் கேட்டார்: “அந்த முப்பத்தஞ்சு மரம் பொழைக்குமா அண்ணி?”

“அடுத்த வருஷம் அதைத் தொடாதே. அதுக்கடுத்த வருஷமும் தொடாதே. அப்புறம் பாக்கலாம்.”

“மத்த மரத்துக்கு?”

“ரெண்டு கரைக்கும் நான் நாள் சொல்றேன். துளை போடறது நீ. என் முழங்கை இன்னும் மடங்கலை.”

அர்மான் தலையாட்டினார். ஏன் என்று ஏதோ கேட்க வாயெடுத்தார். கேட்காமல், இன்னொரு விறகை எடுத்து உள்ளே தள்ளினார்.